முள் வாங்கிய சருகுமான்கள்

ஊமையாற்றின் வடகரையில் சருகுமான்கள் வாழ்ந்தன. தென்கரையில் காட்டுப்பன்றிகள் வாழ்ந்தன.

மழைக்காலத்தில் அந்த ஆறு மரங்களைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். பங்குனி பிறந்தால் வற்றிவிடும். பிறகு அடுத்த மழை வரைக்கும் வெறும் மணல்தான். ஆனால் தண்ணீர் எங்கும் போய்விடுவதில்லை. மணலுக்கு அடியில், ஒரு பன்றி முழுதாக இறங்கி நிற்கும் ஆழத்தில், சத்தமில்லாமல் ஊறிக்கொண்டிருக்கும்.

சருகுமான்களுக்கு மோப்பம் உண்டு. மணல்மேல் மூக்கை வைத்தால் போதும், கீழே ஈரம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். ஆனால் தோண்ட முடியாது. காட்டிலேயே சிறிய மான்கள் அவைதான். குளம்பு புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். பன்றிகளுக்குத் தோண்டுவது விளையாட்டு. ஆனால் அவற்றின் மூக்கில் கிழங்கு வாசம் ஏறுமே தவிர, தண்ணீர் வாசம் ஏறாது. அதனால் கோடைதோறும் சருகுமான்கள் மணலில் நடந்து இடம் காட்டும். பன்றிகள் தோண்டும். ஊற்றுக்கண் திறந்ததும் இரண்டு கூட்டமும் குடிக்கும். யார் முதலில் குடிப்பது என்று வாக்குவாதம் வரும். அதற்குமேல் ஒன்றும் வந்ததில்லை.

வடகரையில் பூவந்தி என்றொரு சருகுமான் இருந்தாள். அவளுக்குத் தும்பை என்று ஒரு தங்கை. கூட்டத்திலேயே கூர்மையான மூக்கு தும்பைக்குத்தான். அவள் நின்ற இடத்தில் தோண்டி ஏமாந்தவர்கள் கிடையாது. பூவந்தியின் மூக்கு சுமார்தான். ஆனால் மரல் செடியின் நாரைத் திரித்து முடிச்சுப் போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மூன்று சுற்று சுற்றி, நான்காவது சுற்றைத் திருப்பிப் போட்டு இறுக்குவாள். அவள் போட்ட முடிச்சைக் குரங்காலும் அவிழ்க்க முடியாது. அத்திப்பழங்களைக் காயவைத்து, நாரில் கோத்து, பாறைப் பொந்துகளில் தொங்கவிடுவது அவள் வேலை. கோடையில் காடு மொட்டையானபின் கூட்டம் அந்தப் பழத்தைத் தின்றுதான் நாளைத் தள்ளும்.

ஒரு கோடையில் ஊற்றடி நெரிசலில் ஒரு பன்றி, சருகுமான் தலைவர் புள்ளிராயனின் காலை மிதித்துவிட்டது. மிதித்த பன்றி அன்றைக்கே வந்து மன்னிப்புக் கேட்டது. கால் ஆறியது. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் தாங்கித்தான் நடந்தார்.

மறு மாசியில் எய்யன் என்ற முள்ளம்பன்றி வடகரைக்கு வந்தார். முதுகில் இருந்த முள் போதாதென்று, உதிர்ந்த முட்களையும் கட்டாகக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, சுமை பலமாக இருக்கிறதே?" என்று பூவந்தி கேட்டாள்.

"முள், தாயி. ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் கட்டினால் ஈட்டி. உங்களுக்குத் தேவைப்படுமோ என்று கொண்டுவந்தேன்."

"எங்களுக்கு எதற்கு?"

எய்யன் பதில் சொல்லாமல் புள்ளிராயனின் காலைப் பார்த்தார். "காலுக்கு என்ன ஆயிற்று, தலைவரே?"

"ஒரு பன்றி தெரியாமல் மிதித்துவிட்டது."

"தெரியாமல்தான் மிதித்திருக்கும். நான் மறுக்கவில்லை. தெரிந்தே மிதிக்கும் நாளில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்தேன். அவ்வளவுதான்."

எய்யன் தொடர்ந்தார். "தென்கரையிலும் முள்ளைப் பற்றி விசாரித்தார்கள்."

"வாங்கினார்களா?" என்று பூவந்தி கேட்டாள்.

"விசாரித்தார்கள் என்றுதானே சொன்னேன்."

அன்றைக்கே கூட்டம் கூடியது. புள்ளிராயன் கெட்டவர் அல்ல. தன் கூட்டத்தைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டவர். "நமக்கு யாரோடும் சண்டை வேண்டாம்" என்றார். "சண்டை வரக்கூடாது என்பதற்காகத்தான் முள் வேண்டும் என்கிறேன். கையில் முள் இருந்தால் யாரும் கிட்டே வரமாட்டார்கள். கிட்டே வராவிட்டால் சண்டை ஏது?"

பூவந்திக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊற்றடி நெரிசலில் பன்றிகளின் பெரிய தோள்கள் தன்மேல் உரசும்போது அவள் பின்வாங்கி ஒதுங்கிக்கொள்வாள். இனி அப்படி ஒதுங்க வேண்டியிருக்காது என்று நினைத்தாள். தலையை ஆட்டினாள்.

தும்பை மட்டும் கேட்டாள். "முள்ளுக்கு என்ன கொடுக்கப்போகிறோம்?"

எய்யன் அத்திப்பழம் கேட்டிருந்தார். கோடைக்கென்று வைத்த பழத்தில் மூன்றில் ஒரு பங்கு.

"கொஞ்சம் வயிற்றைக் கட்டினால் ஆயிற்று. உயிர் பெரிதா, பழம் பெரிதா?" என்றார் புள்ளிராயன்.

பழம் போயிற்று. முள் வந்தது.

முள்ளைக் குச்சியில் கட்டும் வேலைக்குப் பூவந்தியைத் தலைவியாக்கினார்கள். முப்பது சருகுமான்கள் அவளிடம் முடிச்சுப் போடக் கற்றன. யாராவது சரியாகப் போடாவிட்டால் அவளே வாங்கி முடித்துக்கொடுப்பாள். கூட்டத்தில் அவளைக் கண்டால் வழிவிட்டார்கள். முன்பு பழம் கோத்தபோது யாரும் வழிவிட்டதில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"அக்கா, பழைய ஊற்றுக் குழிகளில் சருகும் கல்லும் அடைந்து கிடக்கிறது. பங்குனியில் ஆறு வற்றியதும் சுத்தம் செய்யவேண்டும். ஆள் தருவாயா?" என்று தும்பை வந்து கேட்டாள்.

"இப்போது எல்லோரும் முள் வேலையில் இருக்கிறார்களே. முடியட்டும், பார்க்கலாம்."

முள் வேலை முடியவே இல்லை.

கட்டி முடித்த ஈட்டிகளைக் கரையோரம் வரிசையாக நட்டார்கள். பார்க்கவே ஒரு கம்பீரமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து உழுதாயி ஆற்றைக் கடந்து வந்தாள். உழுதாயி தென்கரையின் வயதான பன்றி. எத்தனையோ கோடை பூவந்திக்கும் தும்பைக்கும் தண்ணீர் தோண்டித் தந்தவள். இருவரும் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பூவந்தி, அந்த முள் யாருக்கு?"

"யாருக்கும் இல்லை அத்தை. செந்நாய் வந்தால் விரட்டுவதற்கு."

உழுதாயி வரிசையைப் பார்த்தாள். "செந்நாய் வடக்கு மலையிலிருந்துதானே இறங்கும்? முள்ளெல்லாம் தெற்கே பார்த்து நிற்கிறதே."

பூவந்தி குனிந்து நார் திரித்துக்கொண்டிருந்தாள். உழுதாயி சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். அவள் போகும்போது கரையில் காவலுக்கு நின்ற சருகுமான்கள் ஈட்டிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டன.

பத்து நாளில் தென்கரையிலும் முள் முளைத்தது.

"பார்த்தீர்களா? அவர்கள் மனதில் இருந்தது வெளியே வந்துவிட்டது. நல்லவேளை, நாம் முந்திக்கொண்டோம்" என்றார் புள்ளிராயன்.

எல்லோரும் ஆமாம் என்றார்கள். தும்பை மட்டும், "நாம் நட்ட பிறகுதானே அவர்கள் நட்டார்கள்?" என்றாள். அவள் சின்னவள், அவளுக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லிவிட்டார்கள்.

எய்யன் மறுபடி வந்தார். தென்கரைக்காரர்கள் வாங்கியது நீண்ட முள் என்றார். வடகரையில் இருப்பது குட்டை முள். நீண்ட முள்ளுக்கு எதிரே குட்டை முள் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான் என்றார். இன்னொரு பங்கு பழம் போயிற்று. நீண்ட முள் வந்தது.

அப்போது கையில் இருந்த குட்டை முட்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. மேற்கு மேட்டில் முயல்கள் இருந்தன. அவை நெடுநாள் சிநேகம். அவற்றுக்குக் கொடுத்தால் இலந்தை வற்றல் தருவதாகச் சொன்னது முயல்களின் மூப்பன்.

"செந்நாயைத் தவிர வேறு யார்மேலும் நீட்டக்கூடாது. வேறு யாருக்கும் கைமாற்றக்கூடாது" என்றார் புள்ளிராயன்.

"புல்லின்மேல் சத்தியம்" என்றது முயல் மூப்பன்.

முயல்களுக்காக இன்னும் கொஞ்சம் கட்டித்தரும்படி பூவந்தியிடம் சொன்னார்கள். அவள் சந்தோஷமாகவே கட்டினாள். முப்பது பேருக்கும் வேலை நீடித்தது. இலந்தை வற்றல் வந்தது. முள்ளால் நஷ்டம் என்று சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கொடுத்த அத்திப்பழத்துக்கு அந்த வற்றல் கால் பங்குகூட வராது என்பதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பூவந்தி நினைத்திருந்தால் பார்த்திருக்கலாம். பொந்துகள் காலியாகிக்கொண்டிருந்ததை நாளும் பார்த்தவள் அவள்தான். அவள் பார்க்க விரும்பவில்லை.

பங்குனி வந்தது. ஆறு வற்றியது. சித்திரையில் கரையோரக் குட்டைகளும் காய்ந்தன.

இப்போது மணலில் இறங்கி ஊற்றுத் தோண்டவேண்டும். ஆனால் யார் இறங்குவது? இரு கரைக்கும் நடுவே பேச்சு வைத்தார்கள். சருகுமான்கள் பாதுகாப்புக்கென்று ஈட்டியோடு போயின. பன்றிகளும் பாதுகாப்புக்கென்று ஈட்டியோடு வந்தன. ஒரு பக்கத்தின் ஈட்டியைப் பார்த்து மறுபக்கம் நின்ற இடத்திலேயே நின்றது. அத்தனை தூரத்திலிருந்து பேசியது எதுவும் யார் காதிலும் விழவில்லை. வெயில் ஏறியதும் திரும்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை தும்பை தன் அக்காவிடம் வந்தாள். உதடு வெடித்திருந்தது.

"நான் போய் இடம் பார்த்துவிட்டு வருகிறேன் அக்கா. நான் நின்று காட்டினால் உழுதாயி அத்தை வந்துவிடுவாள்."

"ஈட்டி எடுத்துக்கொண்டு போ."

"ஈட்டியை வாயில் கவ்விக்கொண்டு எப்படி மோப்பம் பிடிப்பது?" என்று தும்பை சிரித்தாள். "என்னைப் பார்த்து யார் பயப்படப்போகிறார்கள்? சும்மா இரு."

அவள் மணலில் இறங்கி நடந்தாள். பூவந்தி கரையில் நின்று பார்த்தாள். தும்பை மூக்கைத் தாழ்த்தி, வளைந்து வளைந்து போனாள். நடு ஆற்றில் ஓரிடத்தில் நின்றாள். வாலை ஆட்டினாள். தண்ணீர் கண்டால் அவள் அப்படித்தான் செய்வாள். பிறகு இன்னும் இரண்டு அடி வைத்தாள்.

அவள் சத்தமே போடவில்லை. முன்னங்கால் மடங்கி விழுந்தாள். அவ்வளவுதான் பூவந்திக்குத் தெரிந்தது.

யாரும் அவள்மேல் எதையும் எறியவில்லை. தென்கரையில் காவல் நின்ற பன்றிகூட அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பழைய ஊற்றுக்குழிகளைச் சுற்றிப் பன்றிகள் முள்ளை மேல்நோக்கி நட்டு மணலால் மூடி வைத்திருந்தன. சருகுமான்கள் வேறு யாரையோ தோண்டுவதற்குப் பிடித்துவிட்டார்கள், தண்ணீரைத் தனியாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அங்கே ஒரு பேச்சு. அந்தப் பயத்தில் நட்டது.

பூவந்தி ஓடினாள். பின்னால் கூப்பிட்டார்கள். அவள் நிற்கவில்லை. தும்பையின் வயிற்றில் முள் ஏறி, அதைக் கட்டியிருந்த குச்சி மணலோடு பெயர்ந்து வந்திருந்தது.

"இங்கேதான் அக்கா" என்றாள் தும்பை. "இரண்டடிக்கு இந்தப் பக்கம். நல்ல ஊற்று."

பிறகு அவள் பேசவில்லை.

பூவந்தி முள்ளை உருவினாள். குட்டை முள். அதைக் குச்சியோடு சேர்த்து மரல் நாரால் கட்டியிருந்தது. மூன்று சுற்று. நான்காவது சுற்று திருப்பிப் போட்டது.

அவள் அந்த முடிச்சைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அதைக் கட்டிய நாள்கூட அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு மேகமூட்டமாக இருந்தது. கட்டி முடித்துவிட்டு, அழகாக வந்திருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் காட்டியிருந்தாள்.

தங்கையை மணலால் மூடிவிட்டு அவள் நேராக மேற்கு மேட்டுக்குப் போனாள். முயல் மூப்பன் பொந்துக்குள்ளிருந்தே பேசியது.

"என்ன செய்வது, பூவந்தி? புல் காய்ந்துவிட்டது. குட்டிகள் பசியில் கத்தின. பன்றிகள் கிழங்கு கொடுத்தார்கள். நாங்கள் முள்ளைக் கொடுத்தோம். செந்நாயைத் தவிர வேறு யார்மேலும் நீட்டமாட்டோம் என்று அவர்களும் சத்தியம் செய்தார்கள்."

பூவந்தி அதனோடு சண்டை போடவில்லை. பொந்துக்குள் குட்டிகள் கிழங்கைக் கொறிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தாள்.

வடகரையில் கூட்டம் ஏற்கெனவே கூடியிருந்தது. தும்பையின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பலரும் அழுதார்கள். பூவந்தி நடுவில் போய் அந்த முள்ளைப் போட்டாள்.

"இது என் முடிச்சு. நாம் விற்ற முள். என் தங்கையை நான் கட்டிய முள்தான் குத்தியிருக்கிறது" என்றாள்.

ஒருவர் சொன்னார். "நாம் விற்காவிட்டால் முயல்கள் வேறு யாரிடமாவது வாங்கியிருக்கும்."

"வாங்கியிருக்கலாம். வாங்காமலும் இருந்திருக்கலாம். நாம் விற்றோம் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"அதற்காக இப்போது என்ன செய்யச் சொல்கிறாய்?" என்று புள்ளிராயன் மெதுவாகத்தான் கேட்டார்.

"முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தென்கரைக்குப் போவோம். தண்ணீர் இருக்கும் இடத்தைத் தும்பை காட்டிவிட்டுத்தான் போயிருக்கிறாள். உழுதாயி வந்தால் அரைநாளில் தோண்டிவிடுவாள்."

"கொன்றவர்களைக் கும்பிடச் சொல்கிறாயா?"

"தண்ணீர் இல்லாவிட்டால் பத்து நாளில் நாம் எல்லோரும் சாவோம், தலைவரே. முள் தண்ணீர் தராது."

முடிச்சுப் போடும் முப்பது பேரில் ஒருத்தி எழுந்தாள். பூவந்தியே கற்றுக்கொடுத்தவள். "முள்ளைப் பிடுங்கிவிட்டால் எங்களுக்கு என்ன வேலை? இதை வைத்துத்தான் எங்கள் குட்டிகளுக்குப் பழத்தில் கூடுதல் பங்கு கிடைக்கிறது."

"முப்பது பேரும் பங்குனியில் ஊற்றுக்குழியைச் சுத்தம் செய்திருந்தால் இன்றைக்கு எல்லோருக்கும் தண்ணீரில் பங்கு கிடைத்திருக்கும். அப்போது தும்பை ஆள் கேட்டாள். தராமல் விட்டவள் நான்தான்."

கூட்டத்தில் சிலர் தலையைக் குனிந்தார்கள். அந்த ஒரு கணம் அவர்கள் மனம் மாறிவிடும் என்று பூவந்தி நம்பினாள்.

ஆனால் பின்வரிசையில் யாரோ, "நாம் பிடுங்கிய பிறகு அவர்கள் பிடுங்காவிட்டால்?" என்றார்கள்.

பூவந்தி, "பிடுங்குவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? போய்க் கேட்டால்தானே தெரியும்?" என்றாள். அது போதவில்லை.

பொந்தில் மிச்சமிருந்த பழத்தையும் கொடுத்து, இரண்டு மடங்கு நீண்ட முள் வாங்குவது என்று முடிவாயிற்று. கரையில் நடும் புதிய வரிசைக்குத் தும்பை வேலி என்று பெயர் வைத்தார்கள். பூவந்தி முடிச்சுப் போட மறுத்தாள். அவள் கற்றுக்கொடுத்தவர்கள் போட்டார்கள். நன்றாகவே போட்டார்கள்.

முள்ளைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய எய்யனைப் பூவந்தி ஆலமரத்தடியில் மறித்தாள்.

"எங்களை ஏன் இப்படிச் செய்தீர்கள், அண்ணாச்சி?"

எய்யன் உண்மையாகவே வருத்தப்பட்டார். "உன் தங்கையைப் பற்றிக் கேள்விப்பட்டேன், தாயி. பாவம். ஆனால் சண்டை போடுங்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. யோசித்துப் பார். சண்டை வந்து செத்துப்போனால் அடுத்த வருஷம் யார் வாங்குவார்கள்? எனக்குச் சண்டை வேண்டாம். பயம் இருந்தால் போதும்."

"இப்போது எங்கே போகிறீர்கள்?"

"ஆற்றோடு கீழே, நான்கு நாள் நடை. அங்கே ஒரு மடு இருக்கிறது. கோடையிலும் தண்ணீர் வற்றாதாம். ஒரு பக்கம் நீர்நாய்கள், ஒரு பக்கம் கீரிகள். இதுவரை ஒற்றுமையாக இருக்கிறார்களாம்."

அவர் முள்ளுக்கட்டை இழுத்துக்கொண்டு போனார். பூவந்திக்கு அவரைக் குத்தவேண்டும் என்று தோன்றியது. அவர் உடம்பு முழுக்க முள். அவளிடம் ஒன்றுமில்லை.

மறுநாள் காலை பூவந்தி மணலில் இறங்கினாள். வாயில் ஒன்றும் இல்லை என்று தெரியும்படி தலையைத் தூக்கி நடந்தாள். நடு ஆற்றில் நின்று, "அத்தை" என்று கூப்பிட்டாள். தொண்டை காய்ந்திருந்ததால் குரல் சரியாக வரவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.

வெகுநேரம் கழித்து உழுதாயி தென்கரையிலிருந்து இறங்கினாள். அவள் கூட்டத்தார் தடுப்பது கேட்டது. விலா எலும்பு தெரிய மெலிந்திருந்தாள்.

"தும்பைக்கு நடந்தது..." என்று தொடங்கினாள்.

"அது நான் கட்டிய முள், அத்தை."

"நட்டவன் என் மகன்" என்றாள் உழுதாயி. "அன்றிலிருந்து அவன் தின்னவில்லை."

தும்பை காட்டிய இடத்தில் பூவந்தி மூக்கை வைத்தாள். அவளுடைய சுமாரான மூக்குக்கே வாசம் வந்தது. குளிர்ந்த, பாசி கலந்த வாசம். உழுதாயி முகத்தை மணலில் செருகித் தோண்டத் தொடங்கினாள்.

முதல் முள் அவள் மூக்கின் ஓரத்தைக் கிழித்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தோண்டினாள். இரண்டாவது முள் கன்னத்தில் ஏறியது. அந்த மணலில் எத்தனை முள் இருந்தது என்று நட்டவர்களுக்கே நினைவில்லை. பன்றிகள் கொஞ்சம் நட்டிருந்தன. பன்றிகள் வந்தால் என்ன செய்வது என்று சருகுமான்களும் தும்பை செத்த பிறகு கொஞ்சம் நட்டிருந்தன. காற்றில் மணல் நகர்ந்து எல்லாம் இடம் மாறியிருந்தது.

பூவந்தி இரு கரையையும் பார்த்துக் கத்தினாள். "யாராவது வந்து முள்ளைப் பிடுங்குங்கள். ஈரம் தெரிகிறது."

வடகரையில், பன்றி நம் முள்ளைப் பிடுங்குகிறது என்று சத்தம் எழுந்தது. தென்கரையில், சருகுமான் நம் கிழவியை ஏமாற்றி அழைத்துக்கொண்டு போய்விட்டது என்று சத்தம் எழுந்தது. இரு பக்கமும் ஈட்டிகள் நிமிர்ந்தன. யாரும் இறங்கவில்லை.

உழுதாயி கழுத்தளவு ஆழம் வரை தோண்டினாள். ஈர மணல் வந்தது. அப்போது ஒரு நீண்ட முள் அவள் தொண்டையில் இறங்கியது. வடகரையின் முள். அவள் குழியின் விளிம்பில் சரிந்தாள். பூவந்தி தன் சின்னக் குளம்புகளால் மணலைப் பறித்தாள். பறித்த மணல் திரும்பக் குழிக்குள்ளேயே சரிந்தது. அவள் பறித்தாள், அது சரிந்தது.

"வாசம் வருகிறதா?" என்று உழுதாயி கேட்டாள்.

"வருகிறது அத்தை."

"பக்கத்தில்தானா?"

"ரொம்பப் பக்கத்தில்."

உழுதாயி சரி என்பதுபோல் மூச்சு விட்டாள். அடுத்த மூச்சு வரவில்லை.

அதன்பிறகு இரு கரையிலும் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. முதலில் குட்டிகள், பிறகு பால் கொடுத்தவை, பிறகு காவலுக்கு வெயிலில் நின்றவை. புள்ளிராயன் தும்பை வேலியின் பக்கத்தில் நின்றபடியே செத்தார். ஒரு பன்றியும் மணலைக் கடந்து வந்து ஒரு சருகுமானைக் குத்தவில்லை. ஒரு சருகுமானும் போய் ஒரு பன்றியைக் குத்தவில்லை. எந்தச் சண்டைக்காக அத்தனை முள்ளும் வாங்கினார்களோ அந்தச் சண்டை நடக்கவே இல்லை.

மிஞ்சியவை கொஞ்சம்தான். அவை கரையோரமாகக் கீழ்நோக்கி நடந்தன. வடகரையில் ஏழு சருகுமான்கள், தென்கரையில் ஐந்து பன்றிகள். ஒரே பக்கம் போனாலும் சேர்ந்து போகவில்லை. பூவந்தி அந்த ஏழில் ஒருத்தி.

நான்காம் நாள் மடு தெரிந்தது. தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. பூவந்தி முகத்தை முக்கிக் குடித்தாள். நிமிர்ந்தபோது கரையில் வரிசையாக முள் நட்டிருப்பதைப் பார்த்தாள். நீர்நாய்கள் மீன் பிடிப்பதை விட்டுவிட்டுக் குச்சியில் முள் கட்டிக்கொண்டிருந்தன.

அவள் நனைந்த முகத்தோடு அவற்றிடம் போனாள். நடந்ததெல்லாம் சொன்னாள். முடிச்சைச் சொன்னாள், தும்பையைச் சொன்னாள், உழுதாயியைச் சொன்னாள். பாதியில் அழுதாள். நிறுத்திவிட்டு மறுபடி சொன்னாள். நீர்நாய்கள் வேலையை நிறுத்திவிட்டு மரியாதையோடு கேட்டன. அவற்றின் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்பப் பாவம் அம்மா நீங்கள்" என்றாள். "உங்களிடம் முள் போதவில்லை போலிருக்கிறது. அதனால்தான் இப்படி ஆகிவிட்டது. நாங்கள் கூடுதலாகவே வாங்குகிறோம்."

பூவந்தி வாயைத் திறந்தாள். சொல்வதற்கு இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். நீர்நாய்கள் குனிந்து முடிச்சுப் போடத் தொடங்கிவிட்டன.

பயந்து வாங்கிய ஆயுதம் பயத்தைப் போக்குவதில்லை; அது பயத்தை இரண்டு பக்கமும் வளர்த்து, உயிர் வாழ உண்மையில் எது தேவையோ அதைத் தின்றுவிடுகிறது.